இறக்குமதியின் அடி எங்கே விழுகிறது?

பெட்டிக்கடைப் பலகையில் ஒரு அட்டைத் தட்டு. அதில் 50 லைட்டர்கள் நிறம் நிறமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் விலை 10 ரூபாய். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளுக்கு ஈடு என்று 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசுக்கு எழுதிய கடிதத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் குறிப்பிட்டிருந்தார். அந்தக் கணக்குப்படி, இந்த ஒரு தட்டு விற்றுத் தீர்ந்தால் 1,000 தீப்பெட்டிகள் விற்காமல் நிற்கும். தொழிலில் 600 பெட்டி ஒரு பண்டல். 30 லைட்டர் விற்றால் ஒரு பண்டல் போயிற்று.

வாங்குகிறவருக்கு இதில் லாபம்தான், அதை மறுக்க முடியாது. 2 ரூபாய் வீதம் 20 தீப்பெட்டி வாங்கினால் 40 ரூபாய். லைட்டர் 10 ரூபாயில் முடிந்துவிடுகிறது. மிச்சம் 30 ரூபாய். நாடெங்கும் கோடிக்கணக்கானவர்களின் பைகளில் இப்படிச் சிறு தொகை மிச்சமாகிறது. ஆனால், நட்டம் அப்படிப் பரவி விழுவதில்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, எட்டயபுரம், வடக்கே குடியாத்தம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய தீப்பெட்டித் தொழில் ஊர்களில் மொத்தமாக வந்து விழுகிறது. வளரும் நாடுகளின் உற்பத்தித் தொழில்களை இறக்குமதிப் போட்டி எப்படிப் பாதிக்கிறது என்ற பெரிய கேள்விக்கு, என் பார்வையில், இந்த ஏற்றத்தாழ்வில்தான் பதில் இருக்கிறது. நாட்டு அளவில் கூட்டிக் கழித்துப் பார்த்து ‘மொத்தத்தில் நன்மையே’ என்று சொல்லும் அறிக்கைகள், அந்த ஊர்களின் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

தீப்பெட்டி ஆலைக்குள் நடக்கும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மரக்கட்டையைச் சீவி நறுக்கிய குச்சிகள் மெழுகில் நனைந்து, நுனியில் மருந்து ஏறி, உலர்ந்து வருகின்றன. பகுதி இயந்திர ஆலைகளில் அவற்றைப் பெட்டியில் அடைப்பது பெண்களின் கை. குச்சிகளை எண்ணுவதில்லை. ஒரு பிடி அள்ளினால் அதுவே அளவு. மருந்து முனைகளை ஒரே பக்கமாகத் தட்டிச் சேர்த்து, உள்கூட்டில் இறக்கி, மேல்கூட்டுக்குள் தள்ளிவிட்டு அடுத்த பெட்டிக்குக் கை போய்விடுகிறது. உராய்வில் ஒரு குச்சி பற்றினால் கைப்பிடி முழுதும் பற்றிக்கொள்ளும். அந்த ஆபத்தோடுதான் வேகம். அடைத்த பெட்டிக் கணக்குக்குத்தான் கூலி. கரிசல் மண்ணில் மழை பொய்த்த ஆண்டுகளில் வீட்டுக்குள் பணம் வந்த வழி அதுதான். ஆலைக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே பெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேரடியாக நம்பியிருக்கும் இந்தத் தொழிலில் பெரும்பாலோர் பெண்கள்.

இந்தத் தொழில் பிறந்த கதையே இறக்குமதி வரியில்தான் தொடங்குகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் எரிந்த தீக்குச்சிகளில் பெரும்பகுதி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. 1922-ல் பிரிட்டிஷ் அரசு தன் கஜானாவை நிரப்புவதற்காக, 144 பெட்டி கொண்ட ஒரு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. சுதேசித் தொழிலை வளர்க்கும் நோக்கம் அதில் இல்லை. ஆனால், அந்த உயரமான வரிச் சுவரின் நிழலில் உள்நாட்டில் தீப்பெட்டி செய்வது கட்டுப்படியானது. அதே ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று, 1923-ல் ஊர் திரும்பி ஆலை தொடங்கினார்கள்.

வரி போட்டதும் சுவீடன்காரர்கள் ஒதுங்கிவிடவில்லை. சரக்கை அனுப்புவதற்குப் பதில் கம்பெனியையே இங்கே கொண்டுவந்தார்கள். 1923-ல் தோன்றிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக ‘விம்கோ’, அப்படி வந்ததுதான். திருவொற்றியூரில் அதற்கு ஒரு தொழிற்சாலை இருந்தது; இன்று மெட்ரோ ரயில் போகும் விம்கோ நகருக்குப் பெயர் வந்தது அதனால்தான். பெரும் இயந்திரங்களோடு நாட்டுக்குள்ளேயே உட்கார்ந்த அந்நிறுவனத்தின் முன்னால் சிவகாசியின் கைத்தொழில் நிலைத்ததற்கு சுங்கவரி காரணமல்ல. விடுதலைக்குப் பிறகு சிறு ஆலைகளுக்கும் கையால் செய்த பெட்டிகளுக்கும் எக்சைஸ் வரியில் தரப்பட்ட சலுகை, உள்ளூர் வணிகர்களின் கடன் வலைப்பின்னல், சிக்கனம் ஆகியவையே காரணம். அதாவது, எல்லையில் எழுப்பிய தடுப்பு தொழிலைப் பிறக்க வைத்தது. நாட்டுக்குள் எடுத்த முடிவுகள்தான் அதை வளர்த்தன. இன்றைய விவாதங்களில் இந்தப் பிற்பாதி மறந்துபோகிறது.

வளர்ந்ததில் இருட்டும் உண்டு. பல ஆண்டுகள் இந்த ஆலைகளில் குழந்தைகளின் விரல்கள் குச்சி அடுக்கின. 1996 டிசம்பரில் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும், அதன் பிறகு நடந்த கண்காணிப்பும், இயந்திரங்களின் வரவும் சேர்ந்துதான் அது பெருமளவு குறைந்தது. உள்நாட்டுத் தொழில் என்பதாலேயே எதையும் கண்ணை மூடிக்கொண்டு காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்புக் கேட்கும் தொழில், தன் தொழிலாளிக்கு என்ன செய்தது என்ற கணக்கையும் காட்ட வேண்டும்.

தடை வந்தது, உதிரி வந்தது

2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. அதற்கு முன் விலை உயர்ந்தது 2007-ல். 14 ஆண்டுகள் ஒரே விலை. அதற்குள் மூலப்பொருள்களின் விலை எங்கேயோ போய்விட்டது. பெட்டியின் பக்கவாட்டில் பூசும் சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்கு ஏறியதாக அப்போது உற்பத்தியாளர்கள் கணக்குக் கொடுத்தார்கள். மெழுகும் அட்டையும் கூடவே ஏறின. இரண்டு ரூபாய்ப் பெட்டியில் குச்சிகளின் எண்ணிக்கையை 36-லிருந்து 50-ஆக உயர்த்தியும் வாடிக்கையாளரை முழுதாகத் தக்கவைக்க முடியவில்லை. மூலப்பொருள் செலவு கீழிருந்து தள்ள, 10 ரூபாய் லைட்டர் மேலிருந்து அழுத்தியது. விலையை ஏற்றினால் சந்தை போகும்; ஏற்றாவிட்டால் ஆலை போகும். இறக்குமதிப் போட்டியில் சிக்கிய எந்தச் சிறு தொழிலைக் கேட்டாலும், எந்த நாட்டில் கேட்டாலும், இந்த நெருக்கடியைத்தான் சொல்வார்கள்.

தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் சட்டப்படி என்ன செய்திருக்கலாம்? ஏற்றுமதி செய்யும் நாட்டின் சந்தை விலைக்கும் கீழே சரக்கைக் குவிக்கிறார்கள் என்று பொருள்குவிப்பு வரி கேட்டு வணிகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகத்திடம் போகலாம் என்பார்கள். அங்கே முதல் கேள்வி: இறக்குமதியாகும் பொருளும் நீங்கள் செய்யும் பொருளும் ஒரே வகையா? லைட்டரும் தீப்பெட்டியும் வேலையில் ஒன்று, பொருளில் வேறு. உலக வர்த்தக அமைப்பின் விதிகளும், அவற்றை ஒட்டிய நம் சட்டமும் பொருள்குவிப்பு வழக்கில் ஒத்த பொருளைத்தான் கேட்கின்றன. விண்ணப்பிப்பவர்கள் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதத்தைச் செய்பவர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் அடக்கவிலை விவரங்களை ஆண்டுவாரியாகக் கொடுக்க வேண்டும். விசாரணை முடிய ஓராண்டு ஆகும், நீட்டித்தால் ஒன்றரை ஆண்டு. பெரிய உருக்காலையும் ரசாயன ஆலையும் வக்கீல் வைத்து இந்தப் படியேறுகின்றன. நூற்றுக்கணக்கான சிறு ஆலைகளாகச் சிதறிக் கிடக்கும் தொழிலுக்கு இந்தக் கதவு இருந்தும் இல்லை. அதனால்தான் மனு, கடிதம், போராட்டம் என்று அரசியல் வழியில் போக வேண்டியிருந்தது.

அந்த வழியில் பலன் கிடைத்தது. 2023 ஜூன் இறுதியில், காப்பீடும் கப்பல் கூலியும் சேர்த்து 20 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள லைட்டர்களை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு தடை விதித்தது. கோவில்பட்டி மகிழ்ந்தது. ஆனால், லைட்டர் கடையிலிருந்து மறையவில்லை. முழு லைட்டர் வருவதற்குப் பதில் உதிரி பாகங்கள் வந்தன. இங்கே கோத்து விற்கப்பட்டன. 2024 அக்டோபரில் உதிரி பாகங்களுக்கும் தடை போட வேண்டியதாயிற்று. இடைப்பட்ட 15 மாதங்களில் விற்பனையை இழந்த ஆலைக்கு அந்தக் காலத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. வேறு பொருளின் பெயரில் பதுக்கிக் கொண்டுவரப்பட்ட லைட்டர்கள் தூத்துக்குடித் துறைமுகத்திலேயே பிடிபட்டிருக்கின்றன.

துணியிலும் இதே கதைதான் நடந்தது. சீனாவிலிருந்து மிகக் குறைந்த விலை காட்டி வந்து இறங்கிய செயற்கை இழைப் பின்னல் துணிகளால் லூதியானாவும் சூரத்தும் திணறின. 2024 மார்ச்சில் ஐந்து சுங்கக் குறியீடுகளின் கீழ் வரும் துணிக்குக் கிலோவுக்கு மூன்றரை டாலர் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயிக்கப்பட்டது. சரக்கு பக்கத்துக் குறியீடுகளுக்கு நகர்ந்தது. அதே ஆண்டிலேயே மேலும் 13 குறியீடுகளைச் சேர்க்க நேர்ந்தது. ஒரு குறியீட்டை அடைத்தால் அடுத்த குறியீட்டில் சரக்கு நுழையும் என்பது வணிகர்களுக்கு முதல் நாளே தெரியும். அரசு அலுவலகத்துக்கு மட்டும் ஆறேழு மாதம் கழித்துத் தெரிவது ஏன்? சுங்கத் துறையின் கணினியில் அன்றன்று பதிவாகும் தகவல்தானே இது?

பிரேசில் சொல்லும் பாடம்

“கொஞ்ச நாள் கஷ்டம் இருக்கும்; தொழிலாளர்கள் வேறு வேலைக்கு மாறிக்கொள்வார்கள்” என்பது பாடப்புத்தகம் சொல்லும் ஆறுதல். பிரேசில் 1990-களின் தொடக்கத்தில் இறக்குமதி வரிகளை வெட்டியது. அதனால் எந்த வட்டாரம் எவ்வளவு அடிபட்டது என்று ரஃபேல் டிக்ஸ்-கார்னெய்ரோ, பிரையன் கோவக் ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள் தொடர்ந்து ஆராய்ந்து 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். காலம் போகப் போகக் காயம் ஆறும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர்மாறு. கடுமையாக அடிபட்ட வட்டாரங்களில் வருமானத்தின் மீதான பாதிப்பு, பத்தாண்டு முடிவில் இருந்ததைப்போல இருபதாண்டு முடிவில் மூன்று மடங்காகி இருந்தது. ஆலை மூடினால் லேத் பட்டறை மூடும், டீக்கடை மூடும், முதலீடு வேறு ஊருக்குப் போகும். ஆனால், குடும்பங்கள் அவ்வளவு எளிதில் ஊரை விட்டுப் போவதில்லை.

நம் நாட்டுக்கும் இப்படி ஒரு ஆய்வு உண்டு. 1991-க்குப் பிந்தைய வரிக் குறைப்பை மாவட்டவாரியாகப் பார்த்த பெட்டியா டோபலோவா, வரிக் குறைப்பின் வீச்சில் அதிகம் சிக்கிய கிராமப்புற மாவட்டங்களில் வறுமை மற்ற இடங்களைவிட மெதுவாகத்தான் குறைந்தது என்று காட்டினார். நாடு முழுவதும் வறுமை குறைந்த காலம் அது. அதில் பின்தங்கியவை அந்த மாவட்டங்கள்.

கோவில்பட்டிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 20 வயதுப் பெண்ணுக்கு ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. கைபேசித் தொழிற்சாலையின் விடுதியில் தங்கி வேலை செய்யலாம். 45 வயதில், பேரக்குழந்தையையும் மாமியாரையும் இரண்டு ஆட்டையும் வைத்துக்கொண்டு, இருபது ஆண்டாகப் பெட்டி அடைத்த பெண்ணுக்கு எந்த விடுதி இடம் கொடுக்கும்? ‘மாறிக்கொள்வார்கள்’ என்று எழுதுகிறவர்கள் இவரை மனதில் வைத்து எழுதுவதில்லை.

பெரிய ஆலைகளாக இருந்தால் தப்பிக்குமா என்றால், அதற்கும் உறுதி இல்லை. இந்தோனேசியாவின் சோலோ நகரச் சந்தையில் 1966-ல் துணி வியாபாரமாகத் தொடங்கி, நேட்டோ படைகளுக்குச் சீருடை தைக்கும் அளவுக்கு வளர்ந்த நிறுவனம் ஸ்ரிடெக்ஸ். 2024 அக்டோபரில் நீதிமன்றம் அதைத் திவாலானதாக அறிவித்தது. 2025 மார்ச் 1-ல் ஆலை ஓட்டம் நின்றது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அளவுக்கு மீறிய கடன் அதன் முதல் நோய். அந்த உடம்பில்தான் மலிவு இறக்குமதி தாக்கியது. திவாலுக்குச் சில மாதங்கள் முன்பு, 2024 மே மாதத்தில், துறைமுகங்களில் தேங்கிக் கிடந்த 26,000-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்களை விடுவிப்பதற்காக இந்தோனேசிய அரசு இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. உள்நாட்டுத் துணித்தொழில் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. நைஜீரியாவின் கடுனா நகரம் இதைவிட முன்பே பார்த்தது: ஆலைச் சங்கொலியில் விழித்த ஊரில் 2000-களில் பெரிய நெசவாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின.

இனி இந்த அழுத்தம் கூடத்தான் போகிறது. 2024-ல் சீனாவின் வர்த்தக உபரி 99,000 கோடி டாலரைத் தாண்டியது. 2024-25 நிதியாண்டில் நாம் சீனாவிலிருந்து வாங்கியது 11,345 கோடி டாலர். விற்றது 1,425 கோடி டாலர் மட்டுமே. அமெரிக்கா தன் கதவைச் சாத்தச் சாத்த, அங்கே போகவேண்டிய சரக்கு ஜகார்த்தாவையும் லாகோஸையும் மும்பையையும்தான் தேடி வரும்.

எதை அடைப்பது, எதைத் திறப்பது

அதற்காக எல்லாவற்றுக்கும் வரி என்று புறப்படுவதும் தொழிலைக் கொல்லும். இறக்குமதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று நம் பொருளோடு மோதுவது. இன்னொன்று நம் பொருளுக்குள் போவது. 1991-க்குப் பிறகு இந்திய நிறுவனங்கள் புதிதாகச் செய்யத் தொடங்கிய பொருள்களில் சராசரியாக 31 சதவீதத்துக்கு இடுபொருள் வரி குறைந்ததே காரணம் என்று பினெலோபி கோல்ட்பர்க்கும் மூன்று அறிஞர்களும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு கூறியது. வெளியிலிருந்து நல்ல நூலும் நல்ல ரசாயனமும் நல்ல இயந்திரமும் வந்தால், உள்ளே புதுப் பொருள் பிறக்கும்.

நாம் இதைத் தலைகீழாகச் செய்த காலம் உண்டு. 2021 பிப்ரவரியில் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி போட்டோம். 2022-ல் ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. கோவை, திண்டுக்கல் நூற்பாலைகள் தவித்தன. வரியை எடுப்பது, மீண்டும் போடுவது, 2025 ஆகஸ்டில் மீண்டும் எடுப்பது என்று ஆடினோம். செயற்கை இழைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை என்ற பெயரில் இறக்குமதியை இறுக்கினோம். இழை செய்கிற சில பெரிய நிறுவனங்களுக்கு அது வசதி; அந்த இழையை வாங்கித் துணி நெய்து உலகச் சந்தையில் வங்கதேசத்தோடும் வியட்நாமோடும் மோதும் ஆயிரக்கணக்கான சிறு ஆலைகளுக்குக் கூடுதல் செலவு. 2025 நவம்பரில் அந்த ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு பாதுகாப்பு யாரைக் காக்கிறது, யாரிடமிருந்து அதன் விலையை வாங்குகிறது என்று அறிவிக்கும் முன்பே கேட்டிருந்தால் இந்த அலைக்கழிப்பு தேவைப்பட்டிருக்காது.

லைட்டர் தடையை நான் ஆதரிக்கிறேன். குப்பையாகிப் போகும் ஒரு பிளாஸ்டிக் பொருளுக்காக, கரிசல் காட்டின் ஒரே நிழலான வேலையை இழக்க வேண்டியதில்லை. ஆனால், தடை அவகாசம் மட்டுமே தரும். தீக்குச்சியின் தேவை உலகெங்கும் சுருங்கி வருகிறது. சமையலறையில் பற்றவைக்கும் கருவியோடு அடுப்பு வருகிறது. மின்சாரம் போகாத வீட்டில் மெழுகுவர்த்தி தேவைப்படுவதில்லை. தடை முழுமையாக வேலை செய்தாலும், இன்று 30 வயதில் இருக்கும் தொழிலாளி அறுபது வயதுவரை பெட்டி அடைத்துப் பிழைக்க முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஏற்றுமதியில் ஆப்பிரிக்கச் சந்தை கைகொடுக்கிறது. அங்கும் அதே 10 ரூபாய் லைட்டர்தான் எதிரில் நிற்கிறது. கிடைத்த அவகாசத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. நான் பார்த்தவரை, ஒன்றிய அரசும் மாநில அரசும் அடுத்த தடை அறிவிப்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு, இந்த ஊர்களுக்கு அடுத்து என்ன தொழில் என்று பேசுவதில்லை. அச்சும் அட்டையும் காகிதமும் தெரிந்த ஊர்கள் இவை. பெட்டி செய்யவும் பொதிகட்டவும் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கூடவே துறைமுகம் இருக்கிறது. பொதிகட்டும் (பேக்கேஜிங்) தொழிலை இங்கே வளர்க்க ஒரு திட்டம் தீட்டுவது முடியாத காரியமல்ல.

முதல் வேலையாகக் கணக்கெடுங்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, குடியாத்தம் வட்டங்களில் தீப்பெட்டி ஆலைகளிலும் வீடுகளிலும் எத்தனை பேர், எந்த வயதில், என்ன கூலியில் வேலை செய்கிறார்கள் என்று ஒரு பதிவேட்டை மாநில அரசு இந்த ஆண்டே தயாரிக்க வேண்டும். வீட்டில் பெட்டி ஒட்டுகிறவர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். இதுவரை அவர்கள் எந்தக் கணக்கிலும் சரியாக வந்ததில்லை. ஆலை நின்றால் முதல் மாதத்திலிருந்தே உதவித்தொகையும் மாற்று வேலைப் பயிற்சியும் அந்தப் பதிவேட்டின்படி போக வேண்டும். அடுத்த வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பேச உட்காரும் ஒன்றிய அரசின் அதிகாரிகள், வரிப் பட்டியலோடு அந்தப் பதிவேட்டையும் மேசையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.